பெயரை விடுங்கள், பண்ணையைப் பிடியுங்கள்: ஓலந்துத் தீவுக் குடும்பத்தின் முன்னோரைத் தேடும் வழி

எரிக் யூஹான்சன், பிறந்த ஆண்டு 1848, ஊர் ஓலந்துத் தீவுகள். இவ்வளவு தெரிந்தால் மீதியை இணையம் சொல்லிவிடும் என்று நம்பித் தேட உட்காருபவர்கள் அன்று மாலைக்குள் சோர்ந்துபோகிறார்கள். எரிக்கும் யூஹானும் அந்தத் தீவுகளில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர்கள். ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பெயரில் இருவர் மூவர் இருப்பது சாதாரணம். அவர்களில் உங்கள் முன்னோர் யார் என்பதைப் பெயர் சொல்லாது. அவர் எந்தப் பண்ணையில் வாழ்ந்தார் என்பதுதான் சொல்லும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அது ஒன்றையே.

சுவீடனிலும் பின்லாந்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் ஒரு பக்கத்துத் தாத்தா பாட்டி இத்தகைய தீவுகளிலிருந்து வந்தவர்களாக இருப்பது உண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்கும் வயதுக்கு வருவதற்குள் பெரியவர்கள் மறைந்துவிடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சுவீடிய மொழி ஓரளவு தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஏடுகளில் திரும்பத் திரும்ப வருபவை ஐம்பது அறுபது சொற்களே.

முதலில் இடத்தைப் பற்றி. பால்டிக் கடலில் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கிடக்கும் தீவுக்கூட்டம் ஓலந்து. தீவுகள் 6,700க்கு மேல். மக்கள் ஏறத்தாழ 30,000 பேர். பின்லாந்தின் தன்னாட்சிப் பகுதியான அங்கே ஆட்சிமொழி சுவீடிய மொழி மட்டுமே. 1809 வரை சுவீடன் அரசின் கீழ் இருந்தது. அதன் பின் ரஷ்யப் பேரரசருக்கு உட்பட்ட பின்லாந்து மாமன்னர் நாட்டின் பகுதியானது. 1917இல் பின்லாந்து விடுதலை பெற்றபோது ஓலந்து மக்கள் சுவீடனுடன் சேர விரும்பினார்கள். ஆனால் 1921இல் சர்வதேச சங்கம் தீவுகளைப் பின்லாந்துக்கே கொடுத்து, மொழிக்கும் தன்னாட்சிக்கும் உறுதி வழங்கியது. கொடிகள் இப்படி மாறினாலும் ஏடுகள் மாறவில்லை. அதே லுத்தரன் திருச்சபை, அதே சுவீடிய மொழி, அதே வடிவத்துப் பதிவேடு. தேடுபவருக்கு இது பெரிய வசதி.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் உயிரோடிருக்கும் மூத்தவரிடம் பேசுங்கள். "உங்கள் தாத்தா பெயர் என்ன?" என்பதோடு நிறுத்தாமல், "எந்தத் தீவு? எந்தக் கிராமம்? வீட்டை ஊரார் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியின் பதில் பத்துப் பெயர்களைவிட மேலானது. குடும்ப வேதாகமத்தின் முன்பக்கங்கள், இறப்பு அறிவிப்புத் துண்டுகள், கடிதங்களின் தபால் முத்திரை, புகைப்பட அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கும் ஸ்டூடியோவின் ஊர், கடலோடியின் சான்றிதழ் என எல்லாவற்றையும் இரு பக்கமும் படம் எடுத்துவையுங்கள்.

எண் கொடுக்கும் முறையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். தேடலின் மையமான நபருக்கு 1. அவருடைய தந்தைக்கு 2, தாய்க்கு 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண் வரும். அதனுடன் ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். பத்து எரிக்குகள் சேர்ந்த பிறகு இந்த எண்கள்தான் உங்களைக் காப்பாற்றும். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் போதுமானது. தொடக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகமே கூடப் போதும்.

எந்தச் சபையின் ஏடு?

பழைய பதிவுகள் எல்லாம் திருச்சபையிடம் இருந்தன. ஆகவே ஊர் தெரிந்ததும், அந்த ஊர் எந்தச் சபையைச் சேர்ந்தது என்று பாருங்கள். ஓலந்தில் இன்று மரியஹாம்ன் நகரத்தையும் சேர்த்து 16 உள்ளாட்சிகள். மரியஹாம்ன் 1861இல்தான் உருவானது. அதற்கு முன் பிறந்த ஒருவரை "மரியஹாம்ன்காரர்" என்று குடும்பத்தார் சொன்னால், அவர் வேறெங்கோ பிறந்து அங்கே குடிபோனவர்.

பலர் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான். சிறிய தீவுகளும் ஒதுக்குப்புற ஊர்களும் நெடுங்காலம் பெரிய சபைகளின் துணைச்சபைகளாகவே இருந்தன. எக்கெரோ ஹம்மர்லண்டைச் சேர்ந்திருந்தது. யேட்டா ஃபின்ஸ்ட்ரோமையும், லும்பர்லண்ட் லெம்லண்டையும், வோர்டோ சுண்டையும், பிரெண்டோ கும்லிங்கெயையும் சேர்ந்திருந்தன. சோக்காரும் சொட்டுங்காவும் ஃபோக்லோவின் துணைச்சபைகள். துணைச்சபையின் ஏட்டில் ஆளைக் காணவில்லையென்றால் தாய்ச்சபையின் ஏட்டைப் புரட்டுங்கள். குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தாய்ச்சபைக்குப் படகில் கொண்டுபோயிருக்கலாம். போதகர் எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் எழுதியிருக்கலாம்.

பெயர்ப்பட்டியல்களில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சுவீடிய அகரவரிசையில் வளையம் சூடிய 'ஏ', இரு புள்ளி வைத்த 'ஏ', இரு புள்ளி வைத்த 'ஓ' ஆகிய மூன்றும் 'இசட்'டுக்குப் பின்னால் வரும். தொடக்கத்தில் தேடி, ஊரே பட்டியலில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உச்சரிப்பும் ஏமாற்றும். சோக்கார் என்று சொல்லப்படும் தீவின் முதல் எழுத்து 'கே'. யேட்டாவின் முதல் எழுத்து 'ஜி'.

ஏடுகளின் படங்கள் பின்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அஸ்தியா' இணையச் சேவையில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபேமிலிசெர்ச் தளத்திலும் மைக்ரோஃபிலிம் படங்கள் உண்டு. பின்லாந்து வம்சாவளிச் சங்கம் நடத்தும் 'ஹிஸ்கி' தரவுத்தளம் பிறப்பு, திருமணம், இறப்பு, இடம்பெயர்வு ஆகியவற்றைத் தட்டச்சு செய்து தேடும்படி வைத்திருக்கிறது. ஹிஸ்கியில் தொடங்குவது எளிது. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. தன்னார்வலர்கள் கையெழுத்தைப் படித்துத் தொகுத்தது அது. விடுபட்ட வரிகளும் தவறாகப் படித்த பெயர்களும் அதில் இருக்கும். ஹிஸ்கியில் கிடைத்ததை மூல ஏட்டின் படத்தில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.

100 ஆண்டு நிறையாத சபைப் பதிவுகள் பின்லாந்தில் பொதுப் பார்வைக்கு வராது. இடைவெளியை நிரப்ப, சொந்த மூதாதையர் பற்றிய விவரம் கேட்டுச் சபையின் பதிவு அலுவலகத்துக்குக் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். கடிதத்தில் உறவுமுறையைத் தெளிவாக எழுதுங்கள்.

பெயர்கள் எப்படி இயங்கின?

20ஆம் நூற்றாண்டு வரை ஓலந்துக் குடியானவருக்கு மாறாத குடும்பப் பெயர் கிடையாது. யூஹானின் மகன் எரிக், எரிக் யூஹான்சன். அந்த எரிக்கின் மகன் கார்ல், கார்ல் எரிக்சன். மகள் பிரிட்டா, பிரிட்டா எரிக்ஸ்டொட்டர். தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நமக்கு இது எளிதில் புரியும். நமக்கு முன்னால் நிற்பது அவர்களுக்குப் பின்னால் நின்றது, அவ்வளவே. பின்லாந்தின் 1920ஆம் ஆண்டுக் குடும்பப்பெயர்ச் சட்டம் எல்லோருக்கும் நிலையான பெயர் வேண்டும் என்றது. அப்போது கையிலிருந்த தந்தைப்பெயரையே பலர் நிலையாக்கிக்கொண்டார்கள். கார்ல்சன், எரிக்சன், யூஹான்சன் என்ற பெயர்கள் இன்றும் தீவெங்கும் நிறைந்திருப்பது அதனால்தான். இரண்டு கார்ல்சன் குடும்பங்கள் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதேபோல, உடன்பிறந்தவர்களின் வழிவந்த இரு கிளைகள் வெவ்வேறு பெயர் தாங்கி நிற்கலாம்.

இந்த முறையில் தேடுபவருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. பெண்கள் மணமான பின்னும் தம் தந்தைப்பெயரையே வைத்திருந்தார்கள். பிரிட்டா எரிக்ஸ்டொட்டர் இறக்கும் வரை எரிக்ஸ்டொட்டர்தான். ஆகவே தாய்வழியைத் தேடுவது தந்தைவழி அளவுக்கே எளிது. இதைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலான குடும்ப மரங்கள் ஆண்வழியில் மட்டும் நெடுக ஓடி, பாதிப் பேரைத் தொலைத்துவிடுகின்றன.

ஒரே ஆளின் பெயரைப் போதகர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். காய்சா என்பவர் கத்தரீனா, லீசா எலிசபெத், ஸ்டினா கிறிஸ்டினா, கிரேட்டா மார்கரேட்டா. மாட்ஸ் சில இடங்களில் மத்தியாஸ். லார்ஸ் லத்தீன் வாடையுடன் லௌரென்டியுஸ் ஆகிவிடுவார். இறந்துபோன குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பதும் வழக்கம். ஆகவே ஒரு வீட்டில் எரிக் என்ற பிறப்புப் பதிவைக் கண்டதும் அவர்தான் என்று துள்ளாதீர்கள். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று இறப்புப் பதிவில் பாருங்கள்.

பண்ணைக்கு மட்டும் நிலையான பெயர் இருந்தது. மேலைப் பண்ணை, கீழைப் பண்ணை, மேற்குப் பண்ணை என்ற பொருளில் சில. எப்போதோ அங்கே வாழ்ந்த உரிமையாளரின் பெயரால் சில. சுண்டில் காஸ்டெல்ஹோல்ம் கோட்டைக்கு அருகே திறந்தவெளி அருங்காட்சியகமாக இருக்கும் யான் கார்ல்ஸ்கோர்டன் அப்படி ஒரு பெயர் தாங்கியதுதான். உரிமையாளர் போனாலும் பெயர் போகாது. ஒவ்வொரு பண்ணைக்கும் நிலவரி ஏட்டில் ஓர் எண்ணும் உண்டு. கிராமம், பண்ணைப் பெயர், பண்ணை எண் ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால், இருநூறு ஆண்டுகளின் ஏடுகளில் நேராக அந்தப் பக்கத்துக்கே போய்விடலாம்.

திருவிருந்து ஏட்டைப் படிப்பது

எல்லா ஏடுகளிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். சுவீடனின் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தம் சபையில் யார் யார் இருக்கிறார்கள், வேதவினா (சமயப் பாடத்தின் கேள்வி பதில்) தெரிந்தவர்களா, திருவிருந்தில் (அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் வழிபாட்டில்) பங்கெடுத்தார்களா என்று போதகர்கள் பதிந்துவைக்க வேண்டும் என்றது. அதிலிருந்து வளர்ந்தது திருவிருந்து ஏடு. ஓர் ஏடு பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஓடும். முடிந்ததும் புதியது தொடங்கும். பக்கங்கள் ஆட்களின் பெயர் வரிசையில் அமைவதில்லை. கிராமம், அதற்குள் பண்ணை, அதற்குள் குடும்பம் என்று போகும். பண்ணையைப் பிடியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் பண்ணையின் உரிமையாளர், அதாவது 'பூண்டே'. அடுத்து மனைவி, பிள்ளைகள். பிறகு மூத்த தலைமுறை, மருமகன், உடன்பிறந்தவர்கள். அதற்குக் கீழே வேலையாள் 'ட்ரெங்', வேலைக்காரப் பெண் 'பீகா', இடமின்றி ஒண்டியிருப்பவர் 'இன்ஹீசிங்'. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு உழைப்பால் வாடகை செலுத்தும் 'தூர்பரே' குடும்பங்கள் தனியே பட்டியலிடப்படும். ஒவ்வொருவருக்கும் எதிரே பிறந்த தேதி, பிறந்த சபை, எங்கிருந்து வந்தார், எங்கே போனார், வாசிப்புத் தேர்வில் எப்படி, அம்மை குத்தப்பட்டதா என்ற குறிப்புகள். இறந்தவர், வெளியேறியவர் பெயர்மேல் கோடு கிழித்திருக்கும். கோட்டுக்கு அடியிலிருக்கும் எழுத்தையும் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. நம் எரிக் யூஹான்சன் ஃபோக்லோவின் டேகெர்பீ கிராமத்தில் ஒரு கீழைப் பண்ணையில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 1848ஐ உள்ளடக்கிய ஏட்டில் அந்தப் பண்ணையைத் திறந்தால் தந்தை யூஹான் எரிக்சன், தாய் பிரிட்டா மாட்ஸ்டொட்டர். பெயரை மட்டும் பார்ப்பவர், இதற்கு முன் பண்ணை யூஹானின் தந்தை எரிக்குடையது என்று ஊகித்து, டேகெர்பீயில் ஓர் எரிக்கைத் தேடிப் பிடித்துவிடுவார். நீங்கள் அப்படிச் செய்யாமல் அதே பண்ணையின் முந்தைய ஏட்டைத் திறங்கள். உரிமையாளர் மாட்ஸ் கார்ல்சன் என்று இருக்கிறது. பிள்ளைகளில் பிரிட்டா இருக்கிறார், யூஹான் இல்லை. பின்னைய ஆண்டுகளில் 'மருமகன்' என்ற குறிப்போடு யூஹான் வந்து சேருகிறார். பிறந்த சபை சொட்டுங்கா. பண்ணைக்கு உரியவர் பிரிட்டா, யூஹான் வீட்டோடு மாப்பிள்ளை என்பது விளங்குகிறது. யூஹானின் பெற்றோரைத் தேடி நீங்கள் போகவேண்டியது சொட்டுங்காவுக்கு.

கைம்பெண் மறுமணமும் இப்படித்தான். பண்ணையை நடத்த ஆள் வேண்டும் என்பதால் மறுமணம் விரைவில் நடந்தது. முதல் கணவரின் பிள்ளைகள் கார்ல்சன், இரண்டாம் கணவரின் பிள்ளைகள் ஆண்டர்சன் என்று ஒரே அடுப்பில் உண்டு வளர்ந்தவர்கள் இரு பெயர் தாங்குவார்கள். பண்ணையின் பக்கத்தை வைத்துப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் தெரியும். பெயரை வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது.

மற்ற ஏடுகளோடு ஒப்பிடுதல்

திருவிருந்து ஏட்டின் தேதிகளைப் போதகர் பழைய ஏட்டிலிருந்து பார்த்தெழுதியிருப்பார். பிழை சேரும். ஆகவே ஒவ்வொரு பிறப்பையும் ஞானஸ்நானப் பதிவில் சரிபாருங்கள். 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் வேண்டும் என்றது. அதனால் இரு தேதிகளும் அருகருகே இருக்கும். எது பிறந்த நாள், எது ஞானஸ்நான நாள் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். ஞானப் பெற்றோரின் பெயர்களைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் தாய் தந்தையரின் உடன்பிறந்தவர்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள். இரு யூஹான்களில் யார் உங்களுடையவர் என்ற சிக்கலை அவிழ்ப்பது பல சமயங்களில் அவர்கள்தான்.

மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைகளின் பதிவில் தந்தை பெயர் இராது. தேடல் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்நாளில் அது குற்றமாகக் கருதப்பட்டு வழக்காடு மன்றம் வரை போனது. மன்றத்தின் ஏட்டில் தந்தை பெயர் வெளிப்பட்டிருக்கலாம். அந்தப் பக்கங்களில் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் வேலைக்காரச் சிறுபெண்கள். அவர்களைப் பற்றிக் குடும்ப வரலாற்றில் எழுதும்போது, போதகரின் கடுஞ்சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள்.

சொத்துப் பட்டியலையும் தேடுங்கள். 1734ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி ஒருவர் இறந்ததும் உடைமைகளைப் பட்டியலிட வேண்டும். படகில் எத்தனை பங்கு, எத்தனை வலை, எத்தனை ஆடு, யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் வரும். வாரிசுகளின் பெயர்களும் வயதும் அதன் முகப்பிலேயே இருக்கும். வறியவர்களுக்குப் பட்டியல் இல்லாமல் போவதும் உண்டு.

நாட்காட்டியில் ஒரு பொறி. சுவீடன் ஆட்சிப்பரப்பு 1753இல்தான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரி 17க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதற்கு முன் 1700 முதல் 1712 வரை வேறெந்த நாட்டுக்கும் பொருந்தாத தனி நாட்காட்டி ஓடியது. அதைச் சரிசெய்ய 1712 பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்தார்கள். அந்தத் தேதியில் ஒரு பதிவைப் பார்த்தால் அது பிழையல்ல. ரஷ்ய ஆட்சியிலும் பின்லாந்துப் பகுதியில் கிரிகோரியன் நாட்காட்டியே தொடர்ந்ததால், 19ஆம் நூற்றாண்டுத் தேதிகளை மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. மிகப் பழைய ஏடுகளில் தேதிக்குப் பதில் "திரித்துவ ஞாயிற்றுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு" என்பது போலத் திருநாள் கணக்கு இருக்கும். அந்த ஆண்டின் ஈஸ்டர் தேதி தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

கையெழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவரை ஜெர்மானியப் பாணி எழுத்து வழங்கியது. அதில் 'ஈ' என்ற ரோமன் எழுத்து 'என்' போலத் தெரியும். 'யூ'வின் தலைமேல் சிறு வளைவு இருக்கும். தெளிவான பிற்கால ஏட்டில் தொடங்கி, ஒவ்வொரு ஏடாகப் பின்னோக்கிப் போங்கள். பண்ணைகளின் பெயர்கள் மாறாமல் வருவதால் அவையே உங்களுக்கு அரிச்சுவடி ஆகும்.

கடல் பிரித்தவர்கள்

திடீரென்று ஓர் ஆண் ஏட்டிலிருந்து மறைந்துவிட்டால் முதலில் கடலை நினையுங்கள். மூழ்கி இறந்தவரின் உடல் வேறொரு தீவில் கரையொதுங்கி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அண்டைச் சபைகளின் இறப்புப் பதிவுகளைப் பாருங்கள். சுவீடனின் கிரிஸ்லெஹாம்னிலிருந்து எக்கெரோ வழியாக, தீவு தீவாகத் தாண்டி, பின்லாந்தின் துர்க்கு நகரை நோக்கிப் போகும் தபால் வழி 1638இல் அமைந்தது. வழியோரப் பண்ணைக்காரர்கள் பனிக்கட்டியிலும் புயலிலும் தபால் படகை இழுத்தும் துடுப்புப் போட்டும் கொண்டுபோனார்கள். அவர்களில் உயிரிழந்தவர்கள் பலர். ஏட்டில் 'தபால் குடியானவர்' என்ற குறிப்பைக் கண்டால் உங்கள் குடும்பம் அந்த வழியில் இருந்தது என்று பொருள்.

கப்பற்படைக்கு ஆள் கொடுக்கும் கடமையும் பண்ணைகளுக்கு இருந்தது. அப்படிப் போன 'போட்ஸ்மன்' ஒரு தனிச் சிறுபெயர் பெறுவார். அந்தப் பெயர் பதவியோடு ஒட்டியது. அடுத்து வருபவர் உறவில்லாமலே அதே பெயரைப் பெறுவதுண்டு. இருவரையும் தந்தை மகன் என்று சேர்த்துவிடாதீர்கள்.

பிற்காலத்தில் மரியஹாம்ன் பாய்மரக் கப்பல்களின் ஊர். குஸ்டாஃப் எரிக்சன் என்னும் கப்பல் உரிமையாளரின் கப்பல்கள் ஆஸ்திரேலியக் கோதுமையை ஐரோப்பாவுக்கு ஏற்றிவந்தன. 1903இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு அவரிடம் வந்த பொம்மெர்ன் இன்று மரியஹாம்ன் துறைமுகத்தில் அருங்காட்சியகம். உங்கள் மூதாதையர் மாலுமியென்றால் கடலோடிகள் பதிவேட்டைக் கேளுங்கள். அயல்துறைமுகத்தில் கப்பலை விட்டு ஓடியவர்களும் அதில் பதிவாகியிருப்பார்கள்.

அமெரிக்கா போனவர்களைத் தேடும்போது, அங்குள்ள மக்கள்தொகைப் பதிவில் 1917க்கு முன் பிறந்த நாடு 'ரஷ்யா' என்றும் தாய்மொழி 'சுவீடிய மொழி' என்றும் இருக்கலாம். முரணாகத் தோன்றும் அந்த இணைப்பே ஓலந்துக்காரருக்கு நல்ல அடையாளம். ஸ்டாக்ஹோமுக்குப் போனவர்களென்றால் 1878 முதல் 1926 வரை அந்நகரம் வைத்திருந்த குடியிருப்புப் பதிவேட்டில் கிடைப்பார்கள். ஓர் ஆள் எந்தத் தெருவில் எப்போது குடியேறினார், எப்போது மாறினார் என்று அது சொல்லும்.

1714 என்னும் சுவர்

பெரும்பாலான குடும்பங்களின் தேடல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டி நிற்கும். 1714இல் ரஷ்யப் படைகள் வந்தபோது ஓலந்து மக்கள் தீவுகளைவிட்டு சுவீடனுக்கு ஓடினார்கள். 1721இல் சுவீடன், ரஷ்யப் போரை முடித்த நீஸ்டாட் உடன்படிக்கைக்குப் பின்னரே திரும்பினார்கள். அந்த ஆண்டுகளில் பழைய சபை ஏடுகள் பல அழிந்துபோயின. திரும்பாதவர்களும் உண்டு. வேறு பண்ணையில் குடியேறியவர்களும் உண்டு. அந்த இடைவெளியில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் கடலுக்கு அப்பால், ரூஸ்லாகென் கரையின் சுவீடியச் சபைகளில் தேட வேண்டும். சுவீடன் தேசிய ஆவணக் காப்பகம் தன் ஏடுகளின் படங்களை 2018 முதல் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. போதகர்கள் அகதிகளுக்கு எதிரே அவர்களின் சொந்த ஊரைக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சுவரைத் தாண்ட உதவுவது வரி ஏடு. 1630களிலிருந்து சுவீடன் அரசு தலைவரி வாங்கியது. 15 முதல் 63 வயதுள்ளவர்களே பெரும்பாலும் அதில் இடம்பெறுவார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் எதிர்பார்க்காதீர்கள். அதற்கும் முன்னால், 16ஆம் நூற்றாண்டில் சுவீடனை ஆண்ட குஸ்தாவ் வாசா மன்னரின் காலத்திலிருந்து நிலவரிக் கணக்குகள் உண்டு. அங்கே கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு பண்ணையின் உரிமையாளர் பெயர் மட்டுமே. ஆண்டர்ஸ் மாட்சன் என்ற பெயர் போய் மாட்ஸ் ஆண்டர்சன் வந்தால் தந்தை மகனாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றே எழுதிவையுங்கள். வழக்காடு மன்ற ஏடுகளில் நிலத்தகராறோ பங்குப் பிரிவினையோ அகப்பட்டால் அந்த ஐயம் தீரும். 1660களில் காஸ்டெல்ஹோல்ம் பகுதியில் பெண்களைச் சூனியக்காரிகள் என்று விசாரித்துக் கொன்ற வழக்குகளும் அத்தகைய ஏடுகளின் வழியேதான் நமக்குத் தெரிகின்றன.

மரபணுச் சோதனையை நம்பலாமா?

ஏடுகளுக்குத் துணையாக மட்டும். சிறு தீவுகளில் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் மணம் நடந்ததால், இரு தீவுக்காரர்களின் மரபணு ஒற்றுமை உண்மையான உறவைவிட நெருக்கமாகத் தோன்றும். சோதனை நிறுவனம் "மூன்றாம் நிலை உறவு" என்று காட்டுபவர், பத்துத் தொலைதூர வழிகளில் உங்களோடு சேர்ந்தவராக இருக்கலாம். இந்த நெருக்கத்துக்கு மருத்துவ வரலாற்றிலும் சாட்சி உண்டு. ஃபோக்லோவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இரத்தம் எளிதில் நிற்காத நோயை ஆராய்ந்த எரிக் அடோல்ஃப் ஃபான் வில்லெப்ராண்ட், அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை வரைந்து, ஆண் பெண் இருபாலரையும் அது தாக்குவதை 1926இல் எழுதினார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. குடும்ப மரம் வரையும்போது இளவயதில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் தொடர்ந்து வந்தால், உயிரோடிருக்கும் உறவினரிடம் தனியாக, பக்குவமாகச் சொல்லுங்கள். பொதுத்தளத்தில் ஏற்றாதீர்கள்.

இணையத்தில் பிறர் ஏற்கெனவே கட்டிவைத்த மரங்களும் கிடைக்கும். அவற்றைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். எந்தச் சபை, எந்த ஏடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று சொல்லாத உறவை உங்கள் மரத்தில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் குடும்பம் ஓலந்தைச் சேர்ந்ததல்ல, எஸ்தோனியக் கரையின் ரூனோ, ஊர்ம்சோ போன்ற சுவீடிய மொழித் தீவுகளைச் சேர்ந்தது என்றால் வழி கொஞ்சம் மாறும். அங்கே ஜெர்மன், ரஷ்ய மொழி ஆவணங்களும் வரும். ஏடுகள் எஸ்தோனிய ஆவணக் காப்பகத்தின் 'சாகா' தளத்தில் உள்ளன. அந்தத் தீவுகளின் சுவீடிய மக்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் சுவீடனுக்குப் போய்விட்டதால், பெரியவர்களைச் சுவீடனிலேயே சந்திக்கலாம்.

தீவுக்குப் போகும்போது

ஸ்டாக்ஹோமிலிருந்தும் துர்க்குவிலிருந்தும் மரியஹாம்னுக்குக் கப்பல் உண்டு. கிரிஸ்லெஹாம்னிலிருந்து எக்கெரோவுக்கும் உண்டு. வெளித்தீவுகளுக்கு உள்ளூர் ஃபெர்ரிகள் போகின்றன. நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் கொள்ளுத்தாத்தாவின் கல் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த நாடுகளில் கல்லறை நிலத்துக்குக் காலவரை உண்டு. உரிமை புதுப்பிக்கப்படாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நிற்பது பண்ணைதான். நிலவரைபடத்தில் பண்ணையின் பெயரையும் எண்ணையும் கொண்டு இடத்தைக் குறித்துக்கொண்டு, இன்று அங்கே வாழ்பவர்களுக்கு முன்னதாகக் கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். மரியஹாம்னில் உள்ள ஓலந்து ஆவணக் காப்பகத்துக்கும் அப்படியே. "எங்கள் குடும்பத்தைப் பற்றி எதுவேண்டுமானாலும்" என்று கேட்டால் அவர்களால் உதவ முடியாது. சபை, கிராமம், பண்ணை, ஆண்டு, ஆளின் பெயர், இதுவரை பார்த்த ஏடுகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, எந்த ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்று சொல்லுங்கள்.